கார்டிசாலைத் தடுத்தால் எலும்பு தேறுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை நடத்துகிறவன் என்பதால், ஒரு மருத்துவச் சொல் பாடப்புத்தகத்தை விட்டிறங்கித் தெருவுக்கு வரும்போது அதை முதலில் சந்திக்கிறவர்களில் நானும் ஒருவன். முன்பு கொலஸ்ட்ரால் வந்தது, அடுத்து வைட்டமின் டி வந்தது, இப்போது கார்டிசால் வந்திருக்கிறது. முகம் உப்பினாலும் தூக்கம் கெட்டாலும் தொப்பை போட்டாலும் கார்டிசால்தான் காரணம் என்று ஆரம்பித்த பேச்சு, முதுகு வலிக்கும் அதுவே காரணம் என்பது வரை வந்து நிற்கிறது. இந்தப் பேச்சில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த உண்மை யாருக்குப் பொருந்தும், எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சொல்வார்தான் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், பக்கத்துத் தெருவில் இருக்கும் அத்தை ஒருவர் கடைக்கு வந்தார். உறவில்லை, இருபது வருடப் பழக்கத்தில் வந்த முறை அது. கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, “தம்பி, இத சாப்ட்டா முதுகு வலி போவுமா? கார்டிசால்தான் எலும்ப அரிக்குதாமே?” என்று கேட்டார். ‘கார்டிசாலைத் தடுக்கும், எலும்பைக் காக்கும்’ என்ற வாசகத்துடன் ஒரு பச்சைக் குப்பியின் படம் அதில் இருந்தது. அதே கையில், அவர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள் அடங்கிய பழுப்புக் காகிதக் கவர் ஒன்றும் இருந்தது. அந்தக் கவரில் என்ன இருந்தது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் முதலில் கார்டிசால் என்ன செய்கிறது, எலும்பு எப்படி வாழ்கிறது என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்புக்குள் ஒரு மாடித் தொட்டி

நம் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார் ஓடித் தண்ணீரை ஏற்றுகிறது. தொட்டி காலியானால் வீட்டில் யாராவது சுவிட்சைப் போடுகிறார்கள். நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் ஓடிப்போய் அணைக்கிறார்கள். தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒவ்வோர் அறையிலும் உள்ள குழாயைத் திறந்தால்தான் பயன்படுகிறது.

கார்டிசால் என்பது ஒரு ஹார்மோன், அதாவது ஒரு சுரப்பியில் உண்டாகி இரத்தத்தின் வழியே மற்ற உறுப்புகளுக்குச் சேதி கொண்டுபோகும் வேதிப்பொருள். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளே இதை உண்டாக்கும் மோட்டார். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சுவிட்சைப் போட்டு அணைக்கும் ஆள். இரத்தம்தான் தொட்டி. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கார்டிசால் வந்து பொருந்தும் ஓர் இடம் உண்டு. அதற்கு ஏற்பி என்று பெயர், அதுவே அறையில் இருக்கும் குழாய். இரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் பிட்யூட்டரி அதை உணர்ந்து தன் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது.

இந்தத் தொட்டிக்கு நேரக்கணக்கும் உண்டு. விடியற்காலையில் நாம் எழும் நேரத்தை ஒட்டிக் கார்டிசால் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் மிகவும் தாழ்ந்திருக்கும். அதனால்தான் ‘கார்டிசால் டெஸ்ட்’ என்று வெறுமனே ஓர் எண்ணை எடுத்துவந்து கேட்பவர்களிடம், எத்தனை மணிக்கு இரத்தம் கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு இயல்பாக இருக்கும் அளவு, இரவு பன்னிரண்டு மணிக்கு இருந்தால் நோயைக் குறிக்கலாம்.

கார்டிசால் இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. பட்டினி கிடக்கையில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடாமல் அதுதான் தாங்குகிறது. காய்ச்சலிலும் விபத்திலும் இரத்த அழுத்தம் சரிந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. வீக்கமும் அழற்சியும் எல்லை மீறாமல் அடக்குகிறது. விளம்பரங்களில் அதை வில்லனாக வரைகிறார்கள். என் பார்வையில் அது வீட்டைக் கட்டிக் காக்கும் கண்டிப்பான பெரியவர். வீட்டில் எல்லாவற்றையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டால்தான் தொல்லை.

எலும்பு: நிற்பது போல் தெரியும் ஓட்டம்

எலும்பைச் சுவர் போல நினைப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். அதைக் கடற்கரை மணலாக நினைப்பது உண்மைக்கு அருகில் வரும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும்.

கரையில் இருக்கும் மணல் அங்கேயே நிலையாகக் கிடப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில், நம் பக்கத்துக் கடலோரத்தில் ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அலை அன்றாடம் கொஞ்சம் மணலை எடுத்துப் போகிறது, தெற்கேயிருந்து வருவது அந்த இடத்தை நிரப்புகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கரையின் அகலம் மாறுவதில்லை. 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது, தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தடுக்கப்பட்டுத் தேங்கியது. கடல் புதிதாகச் சீற்றம் கொள்ளவில்லை. வழக்கமாக எடுப்பதைத்தான் எடுத்தது. ஆனால் வரவு நின்றுபோனதால் வடக்கே நகரத்துக் கரை மணலை இழந்தது, மணல் இருந்த இடத்தில் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று.

எலும்பிலும் இந்த வரவு செலவு ஓயாமல் நடக்கிறது. பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் செல்களை எலும்பழிச் செல்கள் என்றும், அந்தக் குழியில் புது எலும்பைப் பூசி நிரப்பும் செல்களை எலும்பாக்கச் செல்கள் என்றும் சொல்வோம். வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 10 சதவீதம் ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதிதாகிறது. ஒரு சிறு குழியைத் தோண்டச் சில வாரங்கள் போதும், அதைப் பூசி முடிக்க மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இடிப்பது விரைவு, கட்டுவது தாமதம் என்ற இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொண்டால், எலும்பு மருந்துகள் ஏன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பேசுகின்றன என்பதும் புரியும்.

வரவு குறைந்து செலவு தொடர்ந்தால் எலும்பு உள்ளே சல்லடையாகிறது. அந்த நிலைக்கு எலும்புப்புரை என்று பெயர். நம் ஊரில் இதையும் ‘தேய்மானம்’ என்கிறார்கள், முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதையும் ‘தேய்மானம்’ என்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள். மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்புப்புரையோ எலும்பு முறிகிற நாள்வரை பெரும்பாலும் வலியே காட்டாது. இந்த ஒரு சொல்லால் தவறான மருந்து வாங்கிப் போகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கார்டிசால் அளவோடு ஏறி இறங்க வேண்டிய தொட்டி நீர்; எலும்பு வரவு செலவுக் கணக்கில் நிற்கும் மணல் கரை.

தொட்டி வழிந்தால் கரைக்கு என்ன ஆகிறது

பிட்யூட்டரியிலோ அட்ரினலிலோ ஒரு கட்டி தோன்றி, சுவிட்ச் அணையாமல் சிக்கிக்கொண்டால், இரவு பகல் பாராமல் கார்டிசால் சுரந்துகொண்டே இருக்கும். இந்த நோய்க்குக் குஷிங் நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். 1932இல் இதைப் பிட்யூட்டரிக் கட்டியோடு தொடர்புபடுத்தினார். முகம் வட்டமாவது, கைகால் மெலிந்து வயிறு பெருப்பது, வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள் விழுவது, இலேசாக இடித்தாலே கன்றிப்போவது ஆகியவற்றோடு, எலும்பு முறிவும் இதன் அடையாளங்களில் ஒன்று. இது அரிய நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வருகிறது. முகம் உப்பியவர்கள் எல்லோருக்கும் இது இருப்பதாகச் சொல்வது, தும்மியவர்கள் எல்லோருக்கும் காசநோய் என்பதைப் போன்றது.

மிகையான கார்டிசால் எலும்பைத் தாக்கும் முறையில்தான் நம் மணல் உவமை முழுமையாகப் பொருந்துகிறது. அது முதன்மையாக அலையைப் பெருக்குவதில்லை, மணல் வரவை அடைக்கிறது. புது எலும்பாக்கச் செல்கள் உருவாவது குறைகிறது, உருவானவையும் சீக்கிரம் மடிகின்றன. எலும்பழிச் செல்களோ, ஆரம்ப மாதங்களிலாவது, வழக்கத்தைவிட நீண்ட நாள் உயிரோடிருந்து தோண்டுகின்றன. எலும்புக்குள்ளேயே புதைந்திருந்து எங்கே விரிசல் விழுகிறது என்று உணர்ந்து பழுதுபார்க்க ஆளனுப்பும் மூன்றாம் வகைச் செல்களும் சாகின்றன. இதற்கு மேல், குடல் உணவிலிருந்து கால்சியத்தை ஈர்ப்பது குறைகிறது, சிறுநீரில் கால்சியம் கழிவது கூடுகிறது, எலும்பைக் காக்கும் பாலின ஹார்மோன்களின் சுரப்பும் மங்குகிறது. தொடைத் தசைகள் வலுவிழந்து, தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாத நிலை வருவதால், விழும் வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் அடி வாங்குவது முதுகெலும்பின் முள்ளெலும்புகள். அவற்றின் உட்பகுதி கடற்பஞ்சு போல் துளைகள் நிறைந்தது. பரப்பு அதிகம் என்பதால் அங்கேதான் இடிப்பும் கட்டுமானமும் வேகமாக நடக்கின்றன. குஷிங் நோயாளிகளில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை எலும்பு முறிவைச் சந்திக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் பல, கீழே விழாமலே நேர்பவை. முள்ளெலும்பு ஒன்று ஆப்பு வடிவில் நசுங்கி உட்கார்ந்துவிடும், ஆளின் உயரம் ஒரு விரற்கடை குறையும், அவ்வளவுதான்.

அத்தை அன்று வேறொரு விஷயமும் சொன்னார். சாமி மாடத்தில் விளக்கை ஏற்றும்போது முன்பெல்லாம் எட்டிய கை இப்போது எட்டுவதில்லை, மணைப்பலகையைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது என்றார். வயதானால் அப்படித்தான் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மருந்து எந்த இடத்தில் கை வைக்கிறது

கட்டியால் வரும் கார்டிசால் மிகைக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவைதான். பிட்யூட்டரிக் கட்டியை மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். அறுவைக்குக் காத்திருப்பவர்கள், அறுவையால் தீராதவர்கள், கட்டி எங்கே இருக்கிறது என்றே பிடிபடாதவர்கள் ஆகியோருக்கே கார்டிசால் தடுப்பு மருந்துகள் பயன்படுகின்றன. எல்லாமே ஒரே மாதிரி தடுப்பதில்லை. தொட்டியை நினைவில் வைத்துக்கொண்டால் மூன்று இடங்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

சுவிட்சைத் தொடுபவை முதல் வகை. 2012இல் அனுமதி பெற்ற பாசிரியோடைடு ஊசியும், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைக்க நம் ஊரிலும் எழுதித் தரப்படும் கேபர்கோலின் மாத்திரையும் பிட்யூட்டரிக் கட்டியின் கட்டளையைத் தணிக்கப் பார்க்கின்றன. எல்லோருக்கும் பலிப்பதில்லை.

மோட்டாரை நிறுத்துபவை இரண்டாம் வகை. அட்ரினல் சுரப்பி, கொலஸ்ட்ராலை மூலப்பொருளாக வைத்துப் பல படிகளில் கார்டிசாலைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், நடத்திவைக்கிறது. அந்த நொதிகளை முடக்கினால் உற்பத்தி நின்றுவிடும். மெட்டிரபோன், 2020இல் அனுமதி பெற்ற ஓசிலோட்ரோஸ்டாட், கீட்டோகோனசோல் ஆகியவை இப்படித்தான் வேலை செய்கின்றன. கீட்டோகோனசோல் என்றதும் பொடுகு ஷாம்பு நினைவுக்கு வரும், அதே பொருள்தான். பூஞ்சைக் கொல்லியாக வந்த மருந்து, மாத்திரையாக அதிக அளவில் உட்கொள்ளும்போது அட்ரினலின் நொதிகளையும் முடக்கியதால் இந்தப் பயன் தெரியவந்தது. ஷாம்பு போட்டுக் குளிப்பதால் கார்டிசால் குறையாது, யாரும் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். மாத்திரையோ கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்பதால், சாதாரணப் பூஞ்சைத் தொற்றுக்கு அதைப் பயன்படுத்துவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கட்டுப்படுத்தியது.

குழாயை அடைப்பவை மூன்றாம் வகை. கருக்கலைப்பு மருந்தாக நாம் அறிந்த மிஃபெப்ரிஸ்டோன், கார்டிசால் ஏற்பியிலும் போய் உட்கார்ந்து, கார்டிசால் அங்கே பொருந்தாமல் தடுக்கிறது. குஷிங் நோயால் சர்க்கரை ஏறி, அறுவையால் தீராதவர்களுக்கு இதைத் தினசரி மருந்தாகக் கொடுக்க அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. இங்கே ஒரு விநோதம் நடக்கிறது. குழாய்கள் அடைபட்டதால் அறைகளில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வரவில்லையே என்று சுவிட்சை மேலும் போடுகிறார்கள். தொட்டியோ முன்னைவிட நிரம்பி வழிகிறது. ஆகவே இந்த மருந்தைச் சாப்பிடுகிறவரின் இரத்தத்தில் கார்டிசால் கூடுதலாகத்தான் தெரியும். பரிசோதனைத் தாளை மட்டும் பார்க்கிறவர் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். உடல் எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டுதான் மருத்துவர் பலனை அளக்க வேண்டும்.

எந்த வகையானாலும் ஆபத்து ஒன்று பொது: தடுப்பது மிகையாகிவிட்டால் கார்டிசால் பற்றாக்குறை வரும். வாந்தி, தள்ளாமை, இரத்த அழுத்தச் சரிவு, சர்க்கரைத் தாழ்வு என்று தொடங்கி உயிருக்கே உலை வைக்கலாம். இதனால் சில மருத்துவர்கள் மோட்டாரை முற்றாக நிறுத்திவிட்டு, உடலுக்குத் தேவையான அளவு ஹைட்ரோகார்டிசோனை, அதாவது மருந்தாகச் செய்யப்பட்ட கார்டிசாலை, மாத்திரையாகக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள். இத்தனை நுணுக்கம் தேவைப்படும் மருந்துகளைத்தான் ‘கார்டிசால் பிளாக்கர்’ என்ற ஒரே பெயரில் விளம்பரத்துக் குப்பியோடு சேர்த்துப் பேசுகிறார்கள்.

சரி, எலும்பு திரும்புமா?

இதற்கு விடை: திரும்பும், ஆனால் மெதுவாக, இடத்துக்கு இடம் வேறுபட்டு, சில இழப்புகளை இழப்பாகவே விட்டுவிட்டு.

மிகையான கார்டிசால் அடங்கியதும் எலும்பாக்கச் செல்கள் மீண்டும் வேலைக்கு வருகின்றன. அவை வேலை செய்வதற்கு அடையாளமாக இரத்தத்தில் ஆஸ்டியோகால்சின் என்ற புரதம் கூடுவதைச் சோதனையில் பார்க்கலாம். அதன் பிறகு எலும்பின் அடர்த்தி ஏறத் தொடங்குகிறது. அடர்த்தியை அளப்பது டெக்ஸா என்னும் குறைந்த அளவு எக்ஸ்ரே ஸ்கேன். இளமையான ஒருவரின் சராசரியோடு ஒப்பிட்டு அது ஓர் எண்ணைக் கொடுக்கும், அந்த எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பார்கள். முதுகெலும்பில் இந்த மீட்சி விரைவாகத் தெரியும், இடுப்பெலும்பில் தாமதமாகும். இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியும் மீட்சி தொடர்ந்துகொண்டிருக்கலாம். இளம் வயதினர் அதிகம் மீள்கிறார்கள். நசுங்கிய முள்ளெலும்பு மட்டும் பழைய உயரத்துக்கு நிமிர்வதில்லை.

டெக்ஸா எண்ணையும் கண்மூடி நம்பக் கூடாது. கார்டிசால் மிகையில் எலும்பின் அளவைவிட அதன் தரம் அதிகம் கெடுகிறது. உள்ளிருந்து பழுதுபார்க்கும் செல்கள் செத்துப்போன எலும்பு, ஸ்கேனில் சுமாராகத் தெரிந்தாலும் முறிந்துவிடுகிறது. அதனால் அடர்த்தி இன்னும் எலும்புப்புரை எல்லைக்கு வராதவருக்கும் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். எலும்பு மீள்வதற்கான சான்றுகளில் பெரும்பகுதி, அறுவையால் குணமானவர்களைப் பார்த்துக் கிடைத்தவை. மருந்தால் மட்டும் கார்டிசாலைக் கட்டுப்படுத்தியவர்களிடம் செய்த எலும்பு ஆய்வுகள் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைவு. மருந்துகளுக்கென்று தனிக் குணங்களும் உண்டு. கீட்டோகோனசோல், ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் சுரப்பையும் குறைக்கும் என்பதால், ஆண்களில் எலும்பைக் காக்கும் ஒரு துணையை அது பறித்துவிடக்கூடும். ஆகவே ‘கார்டிசாலைத் தடுப்பது எலும்புக்கு நல்லது’ என்ற வாக்கியத்தை, ‘கார்டிசால் மிகையால் நலிந்த எலும்புக்கு, அந்த மிகை நீங்குவது நல்லது’ என்று திருத்திப் படிக்க வேண்டும். முறிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் மட்டுமல்லாமல், எலும்பழிச் செல்களை அடக்கும் அலண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்றவற்றையோ, எலும்பாக்கச் செல்களைத் தூண்டும் டெரிபாரடைடு ஊசியையோ தனியாகக் கொடுக்கிறார்கள்.

குணமாகும் கட்டத்தில் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. நெடுநாள் மிகையான கார்டிசாலில் ஊறிப்போன உடல், அது இயல்புக்கு இறங்கும்போது மூட்டுவலியும் தசைவலியும் சோர்வும் காட்டும். நோய் முற்றுகிறது என்று பயந்து மருந்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

மறுபடி ஒரு சுருக்கம்: தடுப்பு மருந்துகள் சுவிட்சிலோ மோட்டாரிலோ குழாயிலோ கைவைக்கின்றன, அவை எலும்பை நேரடியாகக் கட்டுவதில்லை, அடைபட்ட மணல் வரவைத் திறந்துவிடுகின்றன. புதுச்சேரியில் தலைமைச் செயலகத்தின் எதிரே சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்த பிறகு, கருங்கல் மட்டுமே இருந்த இடத்தில் மீண்டும் கொஞ்சம் மணற்பரப்பு விரிந்தது. பெரியவர்கள் நினைவில் இருக்கும் அந்த அகலக் கரை முழுவதுமாக வந்துவிடவில்லை.

தொட்டி வழியாதவர்களுக்கு?

கார்டிசால் இயல்பாக இருப்பவர் அதை மேலும் குறைத்தால் எலும்பு இன்னும் உறுதியாகும் என்பது கேட்கத் தர்க்கம் போல் இருக்கிறது. உடல் அப்படி இயங்கவில்லை. சோதனைச்சாலையில் எலும்பு மஜ்ஜைச் செல்களை எலும்பாக்கச் செல்களாக முதிரவைக்க, கார்டிசாலின் செயற்கை உறவினரான டெக்ஸாமெத்தசோனைச் சிறிதளவு சேர்ப்பது வழக்கமான முறை. எலும்பு உருவாகவே கொஞ்சம் கார்டிசால் சேதி தேவைப்படுகிறது என்பதற்கு இது ஒரு சான்று. அளவு மீறும்போதுதான் அதே சேதி நஞ்சாகிறது.

கடையில் அதிகம் கேட்கப்படுவது அமுக்கரா (அஸ்வகந்தா) கலந்த மாத்திரைகள். மன அழுத்தத்தில் இருப்பவர்களிடம் நடந்த சில சிறு ஆய்வுகளில் இரத்தக் கார்டிசால் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் அதனால் எலும்பு முறிவு குறைந்தது என்று காட்டியவை அல்ல அந்த ஆய்வுகள். அமுக்கரா சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. விற்றால் எனக்கு நல்ல லாபம் கிடைக்கும் சரக்கு அது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்புக்காக என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் அதை எடுத்துக் கொடுப்பதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடும் கடலூர் முதுநகர்ப் பக்கம் மலிவாகவே கிடைக்கிறது.

தண்ணீர் லாரியும் பழுப்புக் கவரும்

இனி அந்தக் கவருக்கு வருவோம். உள்ளே கத்தரிக்கோலால் வெட்டிய நான்கு துண்டு அட்டைகள். மருந்தின் பெயர் வராதபடி வெட்டியிருந்தார்கள். இருந்தும் ஒரு துண்டின் பின்புறத் தகட்டில் பெயரின் பின்பாதியும் 10 என்ற எண்ணும் தப்பித்திருந்தன. பிரட்னிசோலோன், 10 மில்லிகிராம். மூட்டு வலிக்கென்று ஒரு கிளினிக்கில் எட்டு மாதங்களாகக் கொடுத்துவந்திருக்கிறார்கள், என்ன மாத்திரை என்று சொல்லாமலே.

பிரட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. கார்டிசால் எந்தக் குழாயைத் திறக்கிறதோ அதே குழாயைத் திறப்பதற்காகச் செயற்கையாகச் செய்யப்பட்ட மருந்துகளைத்தான் இந்த இடத்தில் ஸ்டீராய்டு என்கிறோம். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாதம் என்னும் மூட்டழற்சி நோயாளி ஒருவருக்குக் கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனைக் கொடுக்க, படுக்கையில் கிடந்தவர் நடமாடத் தொடங்கினார்; ஹென்ச்சும், அட்ரினல் ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கெண்டலும் ரைக்ஸ்டைனும் 1950இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆஸ்துமாவிலும் சிறுநீரக நோய்களிலும் இந்த மருந்துகள் உயிரைக் காக்கின்றன; 2020இல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் குறைத்ததையும் கண்டோம். எனவே ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் அலற வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர்களில் கார்டிசால் மிகையால் எலும்பு கெடுவதற்கு மிகப் பெரிய காரணம் கட்டியில்லை, வெளியிலிருந்து போகும் இந்த மாத்திரைதான். தினசரி 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்பது 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனுக்குச் சமம். கார்டிசால் சுரக்காத ஒருவருக்கு முழுநாள் தேவைக்கு ஈடாகக் கொடுப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தை அதைப்போல் இரண்டு பங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொடங்கி மூன்று மாதங்களுக்குள்ளாகவே முறிவு ஆபத்து ஏறத் தொடங்கும் என்பது இந்த மருந்துகளைப் பற்றி நன்கு நிறுவப்பட்ட செய்தி.

அதாவது, ஒரு கையில் கார்டிசாலைப் போன்ற மருந்து, மறு கையில் கார்டிசாலைத் தடுப்பதாகச் சொல்லும் விளம்பரம். உண்மையான தடுப்பு மருந்தையே கொடுத்திருந்தாலும் அவருக்குப் பயனிருந்திருக்காது. தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது மோட்டாரை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? குழாயை அடைக்கும் வகையைக் கொடுத்தால், எந்த நோய்க்காக ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதோ அந்த நோயே திரும்பிவிடும்.

அப்படியானால் ஸ்டீராய்டை இன்றே நிறுத்திவிடுகிறேன் என்றார் அத்தை. அதைத்தான் செய்யக் கூடாது. மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் தொட்டி நிரம்பிக் கிடந்தால் சுவிட்சை யாரும் போடுவதில்லை, மோட்டார் துருவேறிக் கிடக்கிறது. லாரி ஒரே நாளில் நின்றால் வீடு வறண்டுபோகும். ஸ்டீராய்டை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக மட்டுமே குறைக்க வேண்டும். அட்ரினல் சுரப்பி பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் காய்ச்சலோ அறுவையோ வந்தால், தாம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

கவரையும் தகட்டுத் துண்டையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பினேன். முதுகு எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு ஆப்பு போல் நசுங்கியிருந்தது. மூட்டுவலி முடக்குவாதமல்ல, சாதாரண மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்ததால், ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்த அட்டவணை எழுதிக் கொடுத்தார்கள். எலும்புக்கு வாரம் ஒருமுறை அலண்ட்ரோனேட், வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு, பிறகு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அத்தை அந்த அட்டவணையைத் தினசரி காலண்டரில் ஏற்றிவிட்டார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பேரன் கையெழுத்தில் அன்றைய அளவு இருக்கிறது: ஏழரை, ஐந்து, நான்கு. போன வாரம் கடைக்கு வந்தபோது, “நாலுல நிக்கிது தம்பி, மாசம் பொறந்தா மூணு” என்றார்.